சம்பளச் சீட்டும் தென்னந்தோப்பும்: வாசகர் கேள்வி–பதில்

அரசின் வறுமை ஒழிப்புத் திட்டங்களில் உள்ள தகுதி விதிகள் மக்களின் உழைப்பையும் செலவையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். பழைய வட ஆர்க்காட்டின் பகுதிகளான வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி இங்கே தருகிறோம். சொந்த வருமானத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறோம். பிடித்தம் போக ஆளுக்குச் சுமார் 12,000 ரூபாய் வங்கியில் ஏறுகிறது. மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தேன். வருமானத்தைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டார்கள். எங்கள் தெருக்கோடியில் கிணறும் மோட்டாரும் தென்னந்தோப்புமாக இருப்பவர் வீட்டுக்கு மாதம் தவறாமல் பணம் வருகிறது. ஒழுங்காகச் சம்பளம் வாங்குவது ஒரு குற்றமா ஐயா? (ஆம்பூர்)

பதில்: குற்றமில்லை அம்மா. ஆனால் விதி எழுதப்பட்ட விதம் உங்களைப் போன்றவர்களுக்குப் பாதகமாக இருக்கிறது என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் இத்திட்டம் தொடங்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட வரையறைகள் இவை: விண்ணப்பிக்கும் பெண் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நிலம் நன்செயாக இருந்தால் 5 ஏக்கருக்கும் புன்செயாக இருந்தால் 10 ஏக்கருக்கும் மிகக்கூடாது, வீட்டின் மின் நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. உங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 2,88,000 ரூபாய் ஆகிறது. எழுத்தின்படி பார்த்தால் உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்துடன் வருமானச் சான்றோ நில ஆவணமோ இணைக்கத் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. அலைச்சலைக் குறைத்த நல்ல முடிவு அது. விண்ணப்பதாரர் சொன்னதைக் கள விசாரணையிலும் அரசிடம் ஏற்கெனவே உள்ள தரவுகளிலும் சரிபார்த்தார்கள். மாதச் சம்பளத்துக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு எண், வங்கி வரவு என்று மூன்று தடயங்கள் உண்டு. தேங்காய் விற்ற பணத்துக்கு எந்தத் தடயமும் இல்லை. விவசாய வருமானத்துக்கு வரியும் இல்லை. தோப்புக்காரரைப் பற்றி அரசின் ஏட்டில் இருப்பது பட்டா ஒன்றுதான்.

அந்தப் பட்டாவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வருவாய்த்துறைக் கணக்கில் ஏரி, கால்வாய் போன்ற அரசு நீராதாரத்தின் பாசனத்தில் உள்ள நிலமே பெரும்பாலும் நன்செய் எனப் பதியப்பட்டிருக்கும். சொந்தக் கிணற்றில் இறைத்துப் பயிரிடும் நிலம் எவ்வளவு விளைந்தாலும் புன்செய்தான். ஆகவே ஒன்பது ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோப்பு பத்து ஏக்கர் வரம்புக்குள் அடங்கிவிடும். பாலாறு வறண்டு, ஏரி நிரம்பாமல் கரம்பாகக் கிடக்கும் ஆறு ஏக்கர் ஆயக்கட்டு நிலமோ நன்செய் என்ற பெயரால் அதன் உரிமையாளரைத் தகுதி நீக்கம் செய்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நிலவரிக்காக எழுதப்பட்ட ஒரு வகைப்பாடு இன்று யார் ஏழை என்று தீர்மானிக்கிறது.

இனி வரம்பைப் பார்ப்போம். ஆண்டுக்கு 2,49,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் உரிமைத் தொகை 12,000 ரூபாயையும் சேர்த்து 2,61,000 ரூபாய் பெறும். 2,51,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் அதோடு சரி. இரண்டாயிரம் கூடுதலாக உழைத்தவர் கடைசியில் பத்தாயிரம் குறைவாகப் பெறுகிறார். இதைக் கண்டு யாராவது வேலையை விட்டுவிடுவார்களா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. 12,000 ரூபாய்க்காக 1,44,000 ரூபாய்ச் சம்பளத்தை உதற எவருக்கும் பைத்தியமில்லை. மாறக்கூடியது வேலையின் அளவைவிட அதன் வடிவம். உங்கள் பகுதியில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஏராளம். அந்தக் கூலி கையில் வருகிறது, ஏட்டில் ஏறுவதில்லை. கம்பெனி வேலையை விட்டு வீட்டுத் தையலுக்குப் போனால் வருமானம் கண்ணுக்கு மறைந்துவிடும் என்று யாரேனும் உங்களுக்கு யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வைப்பு நிதியில் முதலாளியின் பங்கு, பேறுகால ஊதியம், மருத்துவம், ஓய்வூதியம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால் மாதம் ஆயிரம் ரூபாயை விடப் பெரியது.

நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பது விதி. 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களிலும் விடுபட்டவர்களின் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. ஆனால் உங்கள் கணக்கு உண்மையிலேயே வரம்பைத் தாண்டுவதால் மேல்முறையீட்டில் உங்களுக்குப் பயன் இருக்கும் என்று ஆசை காட்ட விரும்பவில்லை.

கேள்வி: எனக்குச் சம்பளம் 20,400 ரூபாய். ஊதிய உயர்வு வந்து 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. போய்விடும் என்றும், ஓவர்டைம் பார்த்தாலே போய்விடும் என்றும் உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் சிறுநீரக நோயாளி இருக்கிறார். உயர்வை மறுக்கலாமா? (ராணிப்பேட்டை, சிப்காட்)

பதில்: பாதி உண்மை, பாதி வதந்தி. 21,000 ரூபாய் வரம்பு 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது. மாற்றுத்திறனாளிகளுக்கு அது 25,000 ரூபாய். வரம்பைக் கணக்கிடும்போது ஓவர்டைம் தொகை சேர்க்கப்படுவதில்லை, ஆகையால் அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள். நிரந்தரச் சம்பளமே வரம்பைத் தாண்டினாலும் அன்றைக்கே வெளியே தள்ளமாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று சந்தாக் காலம் இரண்டு. நடுவில் உயர்வு வந்தால் அந்தக் காலம் முடியும் வரை சந்தா தொடரும், அதற்குரிய பலன் காலம் அதற்குப் பின்னும் நீளும். ஆக, மாற்று ஏற்பாடு செய்துகொள்ளச் சில மாத அவகாசம் கிடைக்கும்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அந்த மாற்று ஆகுமா என்று கேட்பீர்கள். அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். உங்கள் சம்பளம் அதைப் போல் இரு மடங்கு. ஒரு திட்டம் கைவிடும் இடத்துக்கும் அடுத்த திட்டம் ஏந்திக்கொள்ளும் இடத்துக்கும் நடுவே இப்படியொரு பள்ளம் இருப்பதை எந்தத் துறையும் தன் பொறுப்பாகக் கருதுவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு வரம்பையும் வெவ்வேறு அலுவலகம் வெவ்வேறு ஆண்டில் எழுதியது. நீண்ட நாள் நோயாளி இருக்கும் வீட்டில் சிறு உயர்வுக்காக இந்தப் பள்ளத்தில் இறங்கத் தயங்குவதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. உயர்வு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். சில நூறு ரூபாய்தான் என்றால் தயங்குவதில் அர்த்தம் உண்டு. சில ஆயிரம் என்றால் தனியார் காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மூன்று ஏக்கர் நெல்லும் நிலக்கடலையும் வைக்கிறேன். நூறு நாள் வேலை வந்த பிறகு நடவுக்கும் கடலை பிடுங்கவும் ஆள் கிடைப்பதே இல்லை. ஏரிக்கரையில் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வந்தால் கூலி என்றால் எவள் சேற்றில் இறங்குவாள்? மக்களைச் சோம்பேறி ஆக்கிய திட்டம் இது என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன? (அணைக்கட்டு)

பதில்: இந்தக் கேள்வி பல கையெழுத்தில் வந்திருக்கிறது, உங்களுடையது எல்லாவற்றிலும் காரமானது. முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விளைபொருளின் விலை உங்கள் கையில் இல்லை, கூலி ஏறுகிறது, நடவு பத்து நாள் தள்ளிப்போனால் மகசூல் குறைகிறது. மூன்று ஏக்கர்காரருக்கு இது உண்மையான நெருக்கடி.

ஆனால் ஆள் குறைந்ததற்கு இந்தத் திட்டம்தான் காரணமா என்பதைச் சோதித்துப் பார்க்க நம் பகுதியிலேயே ஒரு வாய்ப்பு இருந்தது. 2005-இல் சட்டம் நிறைவேறி, 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியபோது பழைய வட ஆர்க்காட்டின் ஒரு பாதியான திருவண்ணாமலை அதில் இருந்தது. மற்றொரு பாதியான வேலூர் இல்லை. வேலூருக்கு 2008 ஏப்ரலில்தான் வந்தது. வேலூரிலிருந்து ஆரணி சாலையில் போனால் கண்ணமங்கலத்துப் பக்கம் வேலை அட்டை இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. மண்ணும் பயிரும் கூலிக்காரர்களும் ஒரே மாதிரி. நாடு முழுவதும் இப்படி முன்னும் பின்னுமாகத் திட்டம் வந்த மாவட்டங்களை ஒப்பிட்டு கிளெமான் இம்பேர், ஜான் பாப் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். திட்டம் நன்றாக நடந்த மாநிலங்களில் தனியார் கூலி வேலைக்குப் போகும் நேரம் சற்றுக் குறைந்ததும் கூலி ஏறியதும் உண்மை என்று கண்டார்கள். ஆனால் அந்த விளைவு பெரும்பாலும் வயலில் வேலை குறைவாக உள்ள வறண்ட மாதங்களில்தான் தென்பட்டது. ஆந்திராவில் கூலிப் பட்டுவாடாவைச் சீர்செய்து நடத்திய பெரிய அளவிலான மற்றொரு ஆய்வில், ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது, அந்த உயர்வின் பெரும்பகுதி திட்டக் கூலியிலிருந்து வராமல் வெளி வேலைக் கூலியிலிருந்து வந்தது, தனியார் வேலைவாய்ப்பும் குறையவில்லை. போக இன்னொரு இடம் இருக்கிறது என்றால், இங்கே கூலி பேசும் குரலில் கொஞ்சம் தெம்பு வருகிறது. உங்களுக்குக் கசப்பது அந்தத் தெம்புதான் என்று சந்தேகிக்கிறேன்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பெயர் நூறு நாள் என்றாலும் நாட்டளவில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வேலை சராசரியாக ஆண்டுக்கு 50 நாளைச் சுற்றியேதான் நின்றது. அதுவும் ஒரு ஆளுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு. ஆண்டின் மீதி 315 நாளும் அந்தப் பெண் எங்கே போகிறாள்? ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் காலையில் எந்தெந்தக் கிராமத்து முனையில் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன என்பதை ஒரு நாள் கவனியுங்கள். கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும் ஆண்களையும் எண்ணுங்கள். உங்கள் வயலோடு போட்டியிடுபவர்களில் ஏரி வேலை மிகச் சிறியது.

திட்ட வேலையின் விதிகளும் உழைப்பை ஒரு திசையில் தள்ளுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2025–26-க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். ஆனால் அளவெடுத்துக் கணக்கிடும்போது அத்தனையும் கைக்கு வருவதில்லை. வருகைப் பதிவுக்கு ஒரு நாளில் இரண்டு முறை செயலியில் புகைப்படம் எடுக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் கட்டாயம். இதன் பலன் என்னவென்றால், காலையிலேயே வெட்டி முடித்தவர்களும் இரண்டாவது படம் எடுக்கும் நேரம் வரை பணித்தளத்திலேயே காத்திருக்க நேர்கிறது. நீங்கள் பார்த்த மரத்தடிக் காட்சியில் ஒரு பகுதி இந்த விதியின் படைப்பு.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலை என்று சொல்கிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வழி செய்கிறது. உங்கள் குறையைக் கேட்டு எழுதியது போலவே இருக்கிறது. நிலமில்லாத பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால், கூலி ஏறக்கூடிய அந்த இரண்டு மாதத்தில்தான் அவளுக்கு இருந்த மாற்று வழி அடைபடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சிறு விவசாயிக்கு உதவ வேண்டுமானால் நடவு இயந்திர வாடகையிலோ கொள்முதல் விலையிலோ உதவலாம்.

கேள்வி: கையில் ரொக்கம் கொடுத்தால் அது டாஸ்மாக் கடைக்குத்தான் போய்ச் சேரும். அரிசி, பருப்பு என்று பொருளாகவே கொடுப்பதுதான் பொறுப்பான செயல் அல்லவா? ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் கேட்கிறேன். (காட்பாடி)

பதில்: ஐயா, பொருளாகக் கொடுத்தாலும் ஒரு வகையில் ரொக்கம் கொடுத்ததாகவே ஆகும். மாதம் 40 கிலோ அரிசி செலவாகும் குடும்பத்துக்கு ரேஷனில் 20 கிலோ விலையில்லாமல் கிடைத்தால், அவர்கள் கடையில் வாங்க வேண்டியது 20 கிலோவாகக் குறைகிறது. மிச்சமாகும் பணம் கைக்கு வந்துவிடுகிறது. அது பள்ளிக் கட்டணமாவதும் சாராயமாவதும் அந்த வீட்டைப் பொறுத்தது, அரிசி மூட்டையைப் பொறுத்ததன்று. அரிசி அத்தனை தேவைப்படாத வீட்டில் அது இட்லி மாவுக்கு ஊறும், அல்லது பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கைமாறும். காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயிலில் ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் போகும் ரேஷன் அரிசி மூட்டைகள் பிடிபட்ட செய்தி இல்லாமல் நம் பகுதி நாளிதழ்கள் வருவது அபூர்வம்.

உதவித் தொகை குடியில் கரைகிறதா என்று உலகின் பல நாடுகளின் ஆய்வுகளை டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா ஆகியோர் தொகுத்துப் பார்த்தபோது, மது, புகையிலைச் செலவு கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை. குறைந்த இடங்களும் இருந்தன. அந்தத் திட்டங்கள் பலவற்றில் பணம் பெண்கள் கையில் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகையும் பெண்ணின் வங்கிக் கணக்கில்தான் வரவாகிறது. ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன என்பது வேறு கேள்வி, அதற்கு எந்த அரசாணையும் பதில் சொல்லாது.

அதற்காக ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அரிசி விலை ஏறினால் 20 கிலோ அரிசி 20 கிலோவாகவே இருக்கும்; ஆயிரம் ரூபாய் அப்படி இருக்காது. முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாயிலேயே பல ஆண்டுகளாக நின்றிருப்பதைப் பாருங்கள். மாநில அரசு தன் பங்கைக் கூட்டி 2023-இல் 1,200 ரூபாய் ஆக்கியிராவிட்டால் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்று மூதாட்டிகள் சொல்வதற்கே பொருளிருந்திருக்காது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே ஏழைகள் வேலைக்குப் போனால் உதவி நின்றுவிடும், அதனால் பலர் போவதில்லை என்கிறான். உண்மையா? (வாணியம்பாடி)

பதில்: ஒரு காலத்தில் பெருமளவு உண்மை, இன்று திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கான பழைய ரொக்க உதவியில், 1967 சட்டத் திருத்தத்துக்குப் பின், மாதச் சம்பாத்தியத்தில் முதல் 30 டாலரையும் மீதியில் மூன்றில் ஒரு பங்கையும் விட்டுவிட்டு மற்றதை உதவியில் கழித்தார்கள். 1981-இல் ரீகன் ஆட்சியில் அந்தச் சலுகையை நான்கு மாதத்தோடு நிறுத்தியதால், அதற்குப் பின் ஒரு டாலர் ஈட்டினால் ஏறக்குறைய ஒரு டாலர் உதவி குறையும் நிலை வந்தது. 1975-இல் தொடங்கிய, வேலை செய்து ஈட்டுவோருக்கான வரிச் சலுகை இதற்கு நேர்மாறானது. குறைந்த சம்பளத்தில் இருப்பவர் கூடுதலாக ஈட்ட ஈட்ட ஒரு கட்டம் வரை அரசும் கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கும், பிறகு மெல்லக் குறைக்கும். வரம்பில் தடாலென்று நிறுத்தாமல் சரிவாகக் குறைப்பது இங்கேயும் யோசிக்க வேண்டியது. ஆனால் அங்கே ஒவ்வொருவர் சம்பளமும் வரித்துறைக்குத் தெரியும். இங்கே ஆம்பூர் வாசகியின் சம்பளம் மட்டும்தான் தெரியும்.

மகன் சொல்லாத இன்னொன்று உண்டு. ஊனமுற்றோருக்கும் முதியோருக்குமான அங்குள்ள உதவித் திட்டத்தில் தனி நபர் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. 1989-இல் வைத்த வரம்பு அது. அவசரத்துக்குப் பணம் சேர்த்து வைப்பவர் உதவியை இழக்கிறார், ஆகவே சேர்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார். வேலை செய்தால்தான் மருத்துவ உதவி என்று ஆர்கன்சா மாநிலம் 2018-இல் நிபந்தனை வைத்தபோது சுமார் 18,000 பேர் உதவியை இழந்தார்கள். வேலைக்குப் போனவர் எண்ணிக்கை கூடவில்லை. மாதாமாதம் இணையத்தில் பதிவு செய்யத் தெரியாமல் விடுபட்டவர்களும் அவர்களில் உண்டு. இதைப் படிக்கும்போது இ-சேவை மையத்தில் விரல்ரேகை பதியாமல் நிற்கும் பீடித் தொழிலாளியின் நினைவு வருவது இயல்பு.

கேள்வி: மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறது. ஒரே குடும்ப அட்டையில் இருப்பதால் எனக்கு உரிமைத் தொகை கிடையாது என்கிறார்கள். தனி அட்டை வாங்கிவிடலாமா? பீடி சுற்றும் குடும்பம் எங்களுடையது. (குடியாத்தம்)

பதில்: அவசரப்பட வேண்டாம். முதியோர் ஓய்வூதியம் பெறும் குடும்பங்களுக்குத் தொகை இல்லை என்பது முதலில் அறிவித்த விதி. 2023 ஆகஸ்டிலேயே அதைத் தளர்த்தி, ஓய்வூதியம் பெறுபவரைத் தவிர அக்குடும்பத்தில் தகுதியுள்ள பிற பெண் விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். பழைய விதியையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம். அடுப்பு ஒன்றாக இருக்கும் வீட்டில் அட்டையை மட்டும் இரண்டாக்குவது விதி எழுதியவர்கள் எதிர்பாராத விளைவு. அதைச் செய்யும் மருமகள்களை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது.

கேள்வி: தகுதி விதிகளால் இத்தனை குழப்பம் என்றால் எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன? பொருளாதாரம் படிக்கும் மாணவி. (திருப்பத்தூர்)

பதில்: சில திட்டங்களில் தமிழ்நாடு அதைத்தான் செய்திருக்கிறது. 1997-இல் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று மத்திய அரசு பிரித்தபோது நம் மாநிலம் பொது விநியோகத்தைப் பொதுவாகவே வைத்துக்கொண்டது. பொன்னி அரிசி வாங்க வசதி உள்ளவர் ரேஷன் வரிசையில் நிற்பதில்லை. எந்த அலுவலரும் விசாரிக்காமலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதில் ஏறி வேலைக்குப் போகும் பெண் எவ்வளவு சம்பாதிக்கிறாள் என்று நடத்துநர் கேட்பதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்திலும் வருமான வரம்பு இல்லை. அரசுப் பள்ளியில் படித்தது என்பதே அடையாளம். அப்பா கூடுதலாக உழைத்தால் மகளின் தொகை நிற்காது.

எல்லாவற்றையும் இப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம் கணக்கு. உரிமைத் தொகை தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குப் போனது. ஆண்டுக்கு 12,700 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தில் குடும்ப அட்டைகள் இரண்டே கால் கோடியை ஒட்டி இருக்கின்றன. எல்லா அட்டைக்கும் கொடுத்தால் செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அந்தப் பணத்தில் வேறென்ன செய்யலாம் என்று நிதித்துறை கேட்பதில் நியாயமுண்டு. விண்ணப்பித்த சுமார் 1.63 கோடிப் பேரைச் சலித்தெடுக்க ஆன உழைப்பும், விடுபட்ட தகுதியுள்ள பெண்களின் இழப்பும் அதே ஏட்டில் எழுதப்படுவதில்லை என்பதுதான் என் புகார்.

ஏழையை அடையாளம் காணப் பொருட்களைப் பட்டியலிடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம். 1997-இல் மத்திய அரசு நடத்திய வறுமைக் கணக்கெடுப்பில் மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அந்த வீடு ஏழை இல்லை. அந்த விதி நீடித்திருந்தால், 2006-க்குப் பின் வண்ணத் தொலைக்காட்சியும் 2011-க்குப் பின் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்த தமிழ்நாடு அரசு ஒரே கையெழுத்தில் கிராமங்களின் வறுமையை ஒழித்திருக்கும்! அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் மின்விசிறி இல்லாமல் ஒரு இரவு படுத்தவர் எவரும் அந்தப் பட்டியலை எழுதியிருக்கமாட்டார்.

பொருளைப் பார்த்தாக வேண்டும் என்றால் பிழைப்புக்கு உதவும் பொருளை விட்டுவிட வேண்டும். உரிமைத் தொகை விதியில் காரோடு டிராக்டரும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. கடனில் டிராக்டர் வாங்கி வாடகைக்கு உழும் இளைஞனின் தாய்க்கு அதனால் தொகை போகிறது. அல்லது டிராக்டர் மாமன் பெயரில் பதிவாகிறது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. சச்சரவு வந்தால் டிராக்டர் மாமனுடையதாகவே நின்றுவிடும் என்பதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை.

கேள்வி: வேலைக்குப் போய்வரப் பழைய பைக் ஒன்று வாங்கினேன். பைக் இருந்தால் பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் வீடு கிடைக்காது, விற்றுவிடு என்கிறார்கள். (பேரணாம்பட்டு)

பதில்: விற்க வேண்டாம். ஊரகப் பகுதிக்கான அத்திட்டத்தில் இரு சக்கர வாகனம், குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி ஆகியவை முன்பு விலக்குக் காரணங்களாக இருந்தன. 2024-இல் அவற்றை நீக்கி, குடும்ப உறுப்பினர் ஒருவரின் மாத வருமான வரம்பையும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். மூன்று சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு விலக்கு இன்னும் உண்டு. ஊராட்சியின் கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் பெயர் எந்தக் காரணத்தால் விடுபட்டது என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்; பைக்தான் காரணம் என்று எழுதியிருந்தால், 2024 மாற்றத்தைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.